தண்ணீர் வார்க்கும் கை

11 ஜூன் 2024, செவ்வாய்

ரித்திகாவுக்கு இன்று ஐம்பத்திரண்டாவது நாள். வீட்டு வேலை செய்யும் மாசாணியக்கா வழக்கம்போல் ஒன்பதரைக்கு வந்து தண்ணீர் வார்த்தார். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகில் ஊற்றும்போது அது ஒரு சத்தம் கொடுக்கும் — அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதைக் கேட்பதற்காகவே குளியலறை வாசலில் நிற்கிறேன்.

வலது புறங்கையில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஐம்பது பைசா அளவு. சிவப்பு, மேலே வெள்ளைச் செதில். பிளஸ் டூ படிக்கும்போது முழங்கையில் முதன்முதலாக வந்தது. பதினாறு வருடப் பழக்கம். முழங்கை, தலை, அவ்வளவுதான். களிம்பு போட்டால் அடங்கும். வயிற்றில் ரித்திகா இருந்தபோது சுத்தமாக மறைந்திருந்தது. போயே போய்விட்டது என்று ஏமாந்தேன்.

அம்மா இருந்திருந்தால் இந்நேரம் தாராபுரத்தில் இருந்திருப்பேன். அம்மா போய் மூன்று வருடம். அப்பாவுக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாது. அதனால் பிரசவம் முடிந்தும் போத்தனூரில், கணவர் சபரீஷ் வீட்டிலேயே இருக்கிறேன். அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. பூண்டுக் குழம்பு, சுடுசோறு, கை கழுவத் தண்ணீர்கூட அவரே எடுத்து வந்தார். இதை எழுதி வைக்கிறேன். பின்னால் மறந்துவிடக் கூடாது.

13 ஜூன், வியாழன்

வயிற்றிலும். இடது முழங்காலிலும். தலைக்குள் விரலை விட்டால் உதிர்கிறது.

17 ஜூன், திங்கள்

கொதிக்கிற தண்ணீர் பட்டால் அரிப்பு நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் எனக்குக் கிடைக்கிற நிம்மதி அந்தக் கால் மணி நேரம்தான். கீசரை முழுதாகச் சுட வைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறேன். செதில் எல்லாம் போய்த் தோல் ரோஸ் நிறத்தில் பளபளக்கும். பிறகு ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். உடுப்பு மாற்றுவதற்குள் தோல் இழுக்க ஆரம்பிக்கும். மத்தியானத்துக்குள் முன்பைவிட இரண்டு பங்கு செதில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் குழாயை அதே பக்கம்தான் திருப்புகிறேன். ஏன்?

இன்று அத்தை தொட்டிலுக்கு அடியில் பெருக்கினார். உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார்.

"இதென்ன கண்ணு, தேங்காய்த் துருவலாட்டம் கெடக்குது?"

"தோலுங்க அத்தை. என்னோடது. சொரியாசிஸ். கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னமுங்களே."

"முழங்கையில கொஞ்சம்னுதானே சொன்னீங்க. கொழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"ஒட்டாதுங்க."

அது உண்மை. தொட்டால் ஒட்டாது. ஆனால் பரம்பரையாக வரலாம். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. தொட்டில் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முழங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அத்தை பயப்படுகிறார் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை?

24 ஜூன், திங்கள்

மாசாணியக்கா இன்று வரவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். சரி, நானே வார்க்கலாம் என்று வாளியில் தண்ணீர் பிடித்து, குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டேன். கழற்றும்போது எத்தனை சந்தோஷம் எனக்கு.

அத்தை வந்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

"கையை எடு கண்ணு. நான் வாத்துக்கறேன். உன் கை அவ மேல படவேண்டாம், என்ன? சாமியே, நான் தப்பாச் சொல்லலை."

கண்ணு, கண்ணு என்றே சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். சபரீஷ் கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பம்பு கம்பெனியில் விற்பனை வேலை. பொள்ளாச்சிக்குப் போகிற நாள். "பிரவீ, கொஞ்ச நாளைக்குத்தானே, அம்மா சொல்றதக் கேளு" என்றார். லேஸ் கட்டுகிற விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மதியம் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கழுவி வைக்க இடமும் தனி — பின்வாசல் தொட்டிக்கு மேலே உள்ள பலகை. அங்கே ஏற்கெனவே ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். மாசாணியக்காவுக்கு டீ கொடுக்கிற டம்ளர். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாக அதைப் பார்க்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இன்று என் டம்ளரை அதன் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

25 ஜூன்

பால் கொடுக்கும்போது மட்டும் என்னிடம் தருகிறார்கள். மேலே துணி போர்த்தி.

2 ஜூலை, செவ்வாய்

ஈரோட்டிலிருந்து சபரீஷின் பெரியம்மா பத்மாவதி வந்தார். மஞ்சள் பையில் ஒரு கிலோ பொடி. பவானிப் பக்கம் ஒருவர் கொடுக்கிறாராம். பொறுக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பி, நாலு கைப்பிடி போட்டு, அரை மணி நேரம் அதற்குள் உட்கார வேண்டும். இருபத்தொரு நாள். இங்கிலீஷ் களிம்பு எதையும் தொடக் கூடாது. இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

"பொடியில என்னங்க பெரியம்மா இருக்குது?"

"அதையெல்லாம் கேக்கக் கூடாது அம்மணி. கேட்டாப் பலிக்காது."

நான் வேதியியல் ஆசிரியை. ஒன்பது வருடமாகப் பிள்ளைகளிடம் 'இதில் என்ன இருக்கிறது' என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் பள்ளிக்கூட லிட்மஸ் தாள் கொஞ்சம் கிடந்தது. ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சிவப்புத் தாளை நனைத்தேன். நனைத்த உடனே நீலம். நல்ல கரு நீலம். காரம், சந்தேகமே இல்லை. மனிதத் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது. காரம் அதை அரிக்கும். பத்தாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம்.

வாசலில் அத்தை வந்து நின்றார். "இந்த இருபத்தொரு நாள் முடியட்டும் கண்ணு. பொறவு கொழந்தைக்கு நீயே தண்ணி வாத்துக்கலாம்."

தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

4 ஜூலை, வியாழன்

இரண்டாம் நாள். சபரீஷ் பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி வந்திருக்கிறார். அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எரிகிறது. எரிவது நல்லது, கெட்டது வெளியே வருகிறது என்று பெரியம்மா போனில் சொன்னார். கெட்டது எது? நானா?

6 ஜூலை

முகத்திலும்.

8 ஜூலை, திங்கள்

ஆறாம் நாள். செதில் இல்லை. எல்லாம் சிவப்பு. ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது, எது நல்ல தோல், எது கெட்ட தோல் என்று தெரியவில்லை. கையைத் தூக்கினால் அக்குளில் வெடிக்கிறது. இன்னும் பதினைந்து நாள். பதினைந்து நாள்தானே. பிரசவ வலியைத் தாங்கவில்லையா?

9 ஜூலை, செவ்வாய்

குளுருது. ஜூலை மத்தியானம், ரெண்டு போர்வை, அப்பவும் பல்லு அடிக்குது. எழுத்து கோணுது. இன்னிக்கும் போய் உக்காந்தேன். எந்திரிக்க முடியல. அத்தைதான் தூக்குனாங்க. என்னைத் தொட்டுத் தூக்குனாங்க — ரெண்டு வாரத்துல முதல் தடவையா இந்த வீட்டுல ஒரு பெரிய மனுசி கை என் மேல பட்டுது. அதுக்கு அழுதேன். வலிக்கு இல்ல.

அம்மா, எங்க போயிட்ட நீ.

15 ஜூலை, திங்கள்

ஆறு நாளாக ஆஸ்பத்திரியில். இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

அன்று சாயங்காலம் சபரீஷ் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தோல் மருத்துவர் பெயர் அமீர் ஹம்சா. ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறார். உடம்பு முழுவதும் பரவிவிட்டால் தோல் தன் வேலையையே நிறுத்திவிடுமாம். சூடு நிற்காது, நீர் நிற்காது, கிருமி நுழையும். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

"களிம்பைத் திடீர்னு நிறுத்திட்டீங்க. அதுக்கு மேல தினமும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, அதுல ஏதோ காரம். தேய்ச்சும் விட்டிருக்கீங்க. என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். திட்டியிருக்கலாம்.

16 ஜூலை, செவ்வாய்

நர்ஸ் கிருபா இன்று என்னைக் குளிப்பாட்டினாள். இருபத்தைந்து வயதுப் பெண். கையுறை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "பரவால்ல சிஸ்டர், என்னைத் தொட யாருக்கும் பயம்தான்" என்றேன்.

"பயமா?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். "உங்ககிட்ட இருந்து எனக்கு ஒண்ணும் ஒட்டாதுங்க அக்கா. என்கிட்ட இருக்கற கிருமி உங்களுக்கு ஒட்டிரக் கூடாதுன்னுதான் இதைப் போட்டிருக்கறேன்."

நான் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். அவளுக்குக் காட்டக் கூடிய முகமாக அது இல்லை.

தண்ணீரில் தன் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினாள். சூடு என்று சொல்ல முடியாத சூடு. நுரையே வராத ஒரு சோப்பு, அதுவும் மடிப்புகளில் மட்டும். நார் கிடையாது, தேய்ப்பது கிடையாது. ஐந்தே நிமிடம். பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தலையிலிருந்து பாதம் வரை வெள்ளைக் களிம்பு. "வெளில வந்து மூணு நிமிசத்துக்குள்ள இதைப் பூசிரணுங்க அக்கா. ஈரம் போயிட்டா நீங்க குளிச்சதே தண்டம்."

இந்தத் தோலோடு பதினாறு வருடமாகத் தினமும் குளிக்கிறேன். ஒரு நாளும் குளிக்கத் தெரிந்திருக்கவில்லை.

18 ஜூலை, வியாழன்

இந்த மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது. வேறு வழி இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார் டாக்டர்.

வீட்டில் பவுடர் பால் குடிக்கிறாளாம். "நல்லா குடிக்கறா, ஒரு பிரச்சனையும் இல்ல" என்று சபரீஷ் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து.

நெஞ்சு கட்டி, கல்லாகி விட்டது. ஆஸ்பத்திரிக் குளியலறையில் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சி விட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வெளியே கேட்காமலிருக்க. வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் போயிற்று. அவளுக்கு எண்பத்தொன்பது நாள்.

21 ஜூலை, ஞாயிறு

அத்தை வந்தார். டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டார். "ஏனுங் டாக்டர், இது ஒட்டுவாரொட்டிதானுங்களே?"

"இல்லீங்கம்மா. இருபத்தாறு வருசமா தினமும் இந்தக் கையாலதான் இந்த நோய்க்காரங்களைத் தொட்டுப் பாக்கறேன். பாருங்க." இரண்டு உள்ளங்கைகளையும் அத்தைக்கு முன்னால் நீட்டினார்.

அத்தை நன்றாகக் குனிந்து பார்த்தார். "நீங்க வளந்த ஆளுங்க. அது பச்சப் புள்ள" என்றார்.

சபரீஷ் தலைகுனிந்துகொண்டார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

27 ஜூலை, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். ரித்திகா என்னைப் பார்த்தாள். அத்தையின் தோளில் இருந்தபடி, வேற்று ஆளைப் பார்ப்பதுபோல். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினெட்டு நாளில் மறந்துவிடுமா?

மறந்துவிடும் போலிருக்கிறது.

5 ஆகஸ்ட், திங்கள்

கிருபா சொன்னபடி குளிக்கிறேன். கீசரைப் போடுவதற்கே பயமாக இருக்கிறது. கை தானாகச் சூட்டுப் பக்கம் போகிறது, திருப்பிக் கொண்டுவருகிறேன். அரிப்பு வரும்போது ஈரத் துணியை மேலே வைத்துக்கொண்டு பற்களைக் கடிக்கிறேன். நாரைத் தூக்கி எறிந்தாயிற்று. நேற்று நகத்தையே நாராக்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மாசாணியக்கா குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டே பேசினார். நான் வாசலில் நின்றேன். அத்தை பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினார்.

"ஏனுங்க பெரியம்மிணி, நானொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்குத் தண்ணி வாக்க என் கை ஆகுது. பெத்தவ கை ஆகாதுங்களா?"

துணி உதறுகிற சத்தம் நின்றுபோயிற்று. பிறகு மறுபடி உதறினார்.

மாசாணியக்கா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் காதில் தண்ணீர் போகாமல் கையை வைத்து ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு அடி இருந்தது. பட வேண்டிய இடத்தில் பட்டது.

6 ஆகஸ்ட்

மாசாணியக்காவுக்கு டீயை நானே போட்டு, சமையலறையில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை பார்த்தார். மாசாணியக்காவும் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குடித்தார். சின்ன விஷயம். மூன்று வருடம் பிந்திய சின்ன விஷயம்.

19 ஆகஸ்ட், திங்கள்

அத்தை என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என் கட்டிலில், என் போர்வை மேலேயே. கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஈரோட்டுக்கு நாந்தான் போன் போட்டேன் கண்ணு. பத்மாவதி தானா வரலை. நாந்தான் வரச்சொன்னேன். உனக்குக் கெட்டது நெனைக்கலை."

தெரியுமுங்க என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாள் நீலமானதைப் பார்த்தும் உள்ளே இறங்கியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

எழுந்து போகும்போது, "நாளைக்கு வேணும்னா நீயே தண்ணி வாத்துவுடு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கொதிக்கிற தண்ணீரில் உட்கார்ந்தேன்! ஆனால் என் வாயிலிருந்து வந்தது: "வேண்டாங்க அத்தை. மாசாணியக்காவே வாக்கட்டும்."

பயமாக இருக்கிறது. உள்ளங்கை இன்னும் சொரசொரப்பு. அவள் தோலைக் கீறிவிட்டால்? ஒட்டாது என்று நானே அத்தையிடம் அடித்துச் சொல்லிவிட்டு, இப்போது நானே நம்பவில்லையா? இவர்களை விட்டுப் போன பயம் எனக்குள் குடி வந்துவிட்டது. இதை எந்தத் தண்ணீரில் கழுவ?

30 ஆகஸ்ட்

முழங்கையில் மறுபடி இரண்டு. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "வரும், போகும்மா. விரட்டாதீங்க. பாத்துக்கலாம்." பாத்துக்கலாமாம்.

8 செப்டம்பர், ஞாயிறு

அத்தையும் சபரீஷும் சொந்தத்தில் ஒரு நிச்சயத்துக்குப் போயிருந்தார்கள். மாசாணியக்காவுக்கு ஞாயிறு லீவு. நானும் ரித்திகாவும் மட்டும்.

பதினோரு மணிக்கு வெளிக்குப் போனாள். சாதாரணமாக இல்லை — முதுகு வரை, கழுத்து வரை, என் நைட்டி, தொட்டில், எல்லாம். வீரிட்டு அழுகிறாள். யோசிக்க நேரமே இல்லை. தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். உட்கார்ந்து, நைட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, காலை நீட்டிக் கிடத்திய பிறகுதான் பார்த்தேன்: அவள் படுத்திருப்பது என் கணுக்காலுக்கு மேலே புதிதாக வந்திருக்கும் படையின் மேல். நேராக அதன் மேலேயே, வெறும் வயிறு.

எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்து எங்கே வைப்பது? தரையிலா?

தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஊற்றினேன். பாதி தரையில் போயிற்று. தேய்க்கவில்லை, உள்ளங்கையால் தடவி மட்டும் விட்டேன். அழுகை மெல்ல இறங்கி, முதுகில் தண்ணீர் விழுந்தபோது அந்தச் சத்தம் வந்தது. மூன்று மாதமாக வாசலில் நின்று கேட்ட சத்தம். இப்போது என் கால் எலும்பில் அதிர்ந்தது.

எப்போது வந்தார்களோ தெரியவில்லை. நிமிர்ந்தால் பட்டுச் சேலையோடு அத்தை நிற்கிறார். என் கால்களைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஓடி வந்து பிடுங்குவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"தலைக்கு ஊத்தறப்ப நெத்தியில கையை வெச்சுக்க" என்றார். "கண்ணுல போகுது பாரு."

9 செப்டம்பர்

காலையில் அவள் முழங்கை, வயிறு, முதுகு, தொடை எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

16 செப்டம்பர்

ஒன்றுமில்லை. இனிப் பார்க்கப் போவதில்லை என்று எழுத ஆசை. பார்ப்பேன், தெரியும்.

12 நவம்பர், செவ்வாய்

இரண்டு மாதமாக எழுதவில்லை. காரணம் எதுவும் இல்லை, நேரம் இல்லை. டிசம்பரில் பள்ளிக்கூடம் போக வேண்டும். முழங்கை இரண்டிலும் இருக்கிறது, காலில் இருக்கிறது, தலையில் இருக்கிறது. முகத்தில் இல்லை. மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் குளிரில் ஒரு நாள் ஆசைக்கு நல்ல வெந்நீரில் குளித்துவிட்டு, இரண்டு நாள் அனுபவித்தேன். புத்தி வராது எனக்கு.

பால் திரும்பி வரவில்லை. அதை மட்டும் யாராவது சாதாரணமாகக் கேட்டால் இன்னும் பேச்சை மாற்றிவிடுகிறேன். நேற்றுகூட —

அத்தை கூடத்திலிருந்து கத்துகிறார். "ஏம் பிரவீனா, மணி பத்தாகுது! புள்ளைக்குத் தண்ணி வாக்கறயா, இல்ல எழுதிட்டேதான் இருக்கப்போறயா? எல்லாம் நானேவா செய்யறது? தண்ணி ஆறுது, வா!"

வாரேனுங்க.